சரிங்க சார்

ஏரிக்கோடியில் முதன்முதலாக டிகிரி வாங்கிய பெண் ஞானசுந்தரி. உத்திரமேரூரில் விதையும் உரமும் விற்கும் கம்பெனி டிப்போ ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்த சேதி பரவியதும், ஊரே திரண்டு வந்து புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டது. முந்தின வருஷம் மழை பொய்த்து அரிசிக்குத்தான் பஞ்சம்; புத்திமதிக்கு இல்லை. ஆபீஸ் வாசற்படியை மிதித்தறியாதவர்கள்தான் அதில் முன்வரிசை.

"ஆம்பளைங்களோட சிரிச்சிப் பேசிக்கினு நிக்காதே" என்றாள் எதிர்வீட்டுச் சொக்கம்மாள். இன்னொருவர், தினமும் எல்லோருக்கும் முந்திப் போய் உட்காரச் சொன்னார். உட்கார்ந்து என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அப்பா ஏகாம்பரம் மட்டும் பட்டவர். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வேலை பார்த்தபோது முதலாளியிடம் ஒரே ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி, அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

"இத பாரு சுந்தரி. மேல கீறவன் இன்னா சொன்னாலும் சரிங்க சார்னு சொல்லு. ஆறு மாசம் பல்லக் கடிச்சிக்கோ. பர்மனென்ட் ஆயிட்டேன்னா அப்பறம் உன்ன எவன் அசைக்க முடியும்?"

அந்த ஆறு மாசத்தை அவள் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்தாள். பர்மனென்ட் ஆகிவிட்டால் தம்பியைப் படிக்க வைக்கலாம், தனக்கு வரும் மாப்பிள்ளைகளை ஒரு வருஷம் தள்ளிப் போடலாம், அப்பா இனி யார் களத்துக்கும் கூலிக்குப் போக வேண்டாம். எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே மேனேஜர் வேதகிரி எதைச் சொன்னாலும் அவள் "சரிங்க சார்" என்றாள். அவருடைய டீ டம்ளரைக் கழுவச் சொன்னபோதுகூட அப்படித்தான் சொன்னாள். பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தது டம்ளர் கழுவவா என்று உள்ளே ஒரு குரல் கேட்கத்தான் செய்தது. அவள் அதை அடக்கினாள்.

மார்கழியில் விதைக்கும் நவரைப் பட்டத்துக்கான விதை நெல் ஐப்பசியிலேயே லாரியில் வந்து இறங்கியது. கிடங்கில் இடம் இல்லை. வேதகிரியின் மச்சான் வீடு கட்டுகிறார். அவருடைய சிமெண்ட் மூட்டைகள் கம்பெனிக் கிடங்கில் வாடகையில்லாமல் சொகுசாகக் கிடந்தன. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! விதை மூட்டைகளை வெளித் தாழ்வாரத்தில் அடுக்கச் சொன்னார் வேதகிரி.

"மழ வந்தா நனைஞ்சிடுமே சார்?" அவளுக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது.

"ரெண்டு நாள்ல சிமெண்ட்டு பூடும். நீ உன் வேலயப் பாரும்மா."

"சரிங்க சார்."

மழை வந்தது. தாழ்வாரத்து ஓடு ஒழுகி, மூட்டைகள் ஊறி, நெல் சாக்குக்குள்ளேயே முளை விட்டு வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. விதைக்கு ஆகாது, சோற்றுக்கும் ஆகாது. வேதகிரி அன்றைக்கே சிமெண்ட்டைக் கிளப்பி, கிடங்கைப் பெருக்கித் துடைத்துவிட்டார். விசாரணைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து ஏரியா ஆபீசர் வந்த நாளில், சிமெண்ட்டையும் விதையையும் தன் கையால் தூக்கி அடுக்கிய இருசப்பனை வாலாஜாபாத்துக்கு லோடு ஏற்ற அனுப்பினார். விவரம் தெரிந்த மனுஷர்!

ஞானசுந்தரி பயப்படவில்லை. இன்றைக்குத்தான் பேசுவதற்கு நாள் என்று தெம்பாகவே உள்ளே போய் நின்றாள். ஏரிக்கோடியில் ஒரு வழக்கம் உண்டு. மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடினால், நாட்டாண்மை முதலில் புகாரை ஒவ்வொன்றாகச் சொல்வார். எதிரில் நிற்பவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்பார். காதில் விழுந்தது, மேலே சொல்லுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். குறுக்கே பேசினால் மரியாதை கெட்டவன். எல்லாம் சொல்லி முடித்த பிறகு நாட்டாண்மை, "இப்ப உன் வாயில இன்னா கீது, சொல்லு" என்று கேட்பார். அதற்குப் பிறகு பொழுது சாய்கிற வரை பேசினாலும் யாரும் தடுக்கமாட்டார்கள். கொலைப்பழி வந்தவனுக்குக்கூட அந்தக் கேள்வி உண்டு.

ஆபீசர் பார்க்க நல்ல மனுஷராகத்தான் இருந்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"மூட்டைகளை உள்ளே வைக்கச் சொல்லி உங்ககிட்ட சொன்னதா மேனேஜர் சொல்றார்."

"சரிங்க சார்."

"நீங்க மறந்துட்டுப் போயிட்டதா சொல்றார்."

"சரிங்க சார்."

"அதனாலதான் விதை பூரா வீணாப் போச்சு."

"சரிங்க சார்."

அவள் காத்திருந்தாள். சிமெண்ட்டில் ஆரம்பித்து, ஒழுகும் ஓடு வரை, எதற்குப் பின் எதைச் சொல்வது என்று பேச்சை மனசுக்குள் கோத்து வைத்திருந்தாள். ஆபீசர் பேனாவை மூடினார்.

"நேரா ஒத்துக்கிட்டீங்க, சந்தோஷம். மழுப்பியிருந்தா போலீஸ் வரைக்கும் போயிருப்பேன். இனிமே நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

அவள் மேஜைப் பக்கம் ஓரடி முன்னால் வந்தாள். "சார், நான் இன்னும் பேசவே இல்லீங்களே!"

"மூணு தடவை சரின்னு சொன்னீங்களேம்மா?"

"அது... கேட்டுக்கினு கீறேன்னு அர்த்தம் சார்!"

பதற்றத்தில் ஊர்ப் பேச்சு அப்படியே வந்து விழுந்தது. ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வேதகிரி அடக்கவில்லை. "பாத்தீங்களா சார், இப்ப மாத்திப் பேசுது" என்றார். அவள் சிமெண்ட் கதையைக் கொட்டினாள். கோத்து வைத்தது எல்லாம் சிதறி, முன்னதும் பின்னதும் குழம்பி, குரலும் உயர்ந்துவிட்டது. ஆபீசர் எழுந்து போய்க் கிடங்கைத் திறந்து பார்த்தார். ஒரு துளி சிமெண்ட் இல்லை.

"தப்பு செய்யறது சகஜம்மா. அடுத்தவங்க மேல பழி போடறதுதான் அசிங்கம்" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். இப்படியும் ஒரு புத்திமதி அவளுக்குப் பாக்கி இருந்தது போலும்.

உத்திரமேரூரில் நடந்தது ஏரிக்கோடிக்கு வந்து சேர்வதற்குள் வேறு உருவம் எடுத்துவிட்டது. அந்தப் பெண் ஆபீசரையே எதிர்த்துக் கத்தினாள் என்று வேதகிரி கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஒத்துக்கொண்டதற்காக வேலை போயிற்று. எதிர்த்துப் பேசியதற்காகப் பேர் போயிற்று. இரண்டையும் ஒருத்தியே எப்படிச் செய்திருக்க முடியும் என்று எந்தப் புண்ணியவானும் யோசிக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அப்பாவிடம் மட்டும் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். ஏகாம்பரம் முழுக்கக் கேட்டார். "நான் நல்லதுக்குத்தான சொன்னேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

தை மாசம் சொக்கம்மாள் தன் மகன் பச்சமுத்துவை அழைத்துக்கொண்டு வந்தாள். பி.காம். முடித்தவன், மதுராந்தகத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுத எடுத்திருக்கிறார்களாம். ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்கள். ஞானசுந்தரியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே வெளியே வந்தாள். இந்த ஊரில் ஆபீஸ் என்றால் என்னவென்று காசு வாங்காமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தானே.

"பச்சமுத்து, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நீ செய்யாத ஒண்ண உன் மேல சொன்னா, அந்த நிமிசமே இல்லன்னு சொல்லிடு. அவங்க முடிக்கட்டும்னு காத்துக்கினு நிக்காதே. அப்பறம் நீ இன்னா சொல்றேன்னு உன்ன யாரும் கேக்க மாட்டாங்க."

பையன் தலையை ஆட்டுவதற்குள் சொக்கம்மாள் குறுக்கே புகுந்தாள்.

"நல்லா சொல்லிக் குடுக்கற போ! நீ அப்டி வாயாடித்தான வூட்ல வந்து குந்திக்கினு கீற? வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா இன்னேரம் பர்மனென்ட் ஆயிருப்ப. டேய், இவள மாதிரி பேசினு நிக்காதே, சொல்லிட்டேன்."

ஞானசுந்தரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்னை வாயாடி என்றதுகூடப் பெரிதில்லை. இந்தப் பையனும் அதே குழியில் போய் விழப்போகிறானே! அவள் அப்பா பக்கம் திரும்பினாள். நடந்தது என்னவென்று அவளைத் தவிர இந்த ஊரில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"நீ சொல்லு நைனா. நான் வாயாடியா வேலய வுட்டேன்? சொல்லேன்."

ஏகாம்பரம் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு பச்சமுத்துவைப் பார்த்து, "என்னிக்கிடா போய்ச் சேரணும்?" என்று கேட்டார்.