கூமியூவில் ஒரு மாப்பிள்ளை

என் கல்யாணத் தலைப்பாகை அலுமாரியின் மேல்தட்டில், ஒரு வட்டப் பெட்டிக்குள் இருக்கும். மகள் பிரணவியை மணக்க வரும் பிள்ளையும் அதையே வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். மறுநாள் குலசிங்கம் தன் மகன் வசீகரனுக்காகப் பேசி முடிக்க வருவதாக இருந்தது. அதனால் ஞாயிறு காலை பெட்டியை இறக்கினேன். பாரமே இல்லை. திறந்தால் உள்ளே பூச்சி உருண்டைகள் மட்டும் கிடந்தன.

நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் வரும்.

கொஞ்ச நாளாகவே வீட்டில் ஏதோ சரியில்லை. பிரணவியின் சப்பாத்துகளில் சேறு. நான் குசினிக்குள் நுழைந்தால் தாயும் மகளும் கதையை நிறுத்திவிடுவார்கள். இன்றைக்கு மகளின் பையிலிருந்து சிவப்புப் பட்டு எட்டிப் பார்த்தது.

"அம்மாவை ஆல்பனியிலை சுந்தரி அன்ரி வீட்டுப் பூசைக்கு விட்டிட்டு மங்கரேக்கு வேலைக்குப் போறன், அப்பா" என்றாள்.

வேலைக்குப் போகிறவளுக்குப் பட்டு எதற்கு? தலைப்பாகை, பட்டு, பொய். வேறென்ன நினைப்பது? முகூர்த்தமில்லாத நாளில் யாரோ ஒருவன் என் மகளுக்குத் தாலி கட்டப் போகிறான், அதற்குத் தாயும் துணை. குலசிங்கத்துக்கு நான் வாக்குக் கொடுத்தவன். இந்த நகரத்துத் தமிழருக்குள் எங்கள் குடும்பத்தைப் பற்றி இதுவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

வேட்டி கட்டி, சால்வை போட்டு, திருநீறு பூசிக்கொண்டேன். எவன் முன்னால் நிற்க நேர்ந்தாலும் இராசநாயகமாகவே நிற்க வேண்டும். ரானுயியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அவர்களுடைய காருக்குப் பின்னால் போனேன். அது ஆல்பனிக்கும் போகவில்லை, மங்கரேக்கும் போகவில்லை. நகரத்துக்கு வெளியே, கூமியூப் பக்கம் திரும்பியது.

கார்கள் நிறுத்தும் புல்வெளியில் அவர்களைத் தவறவிட்டேன். சுற்றிலும் திராட்சைக் கொடிகள், வெள்ளைக் கூடாரங்கள், பாட்டு. இங்கே வெள்ளைக்காரர் பிள்ளைகளின் கல்யாணத்தை இப்படியான இடங்களில்தான் வைப்பார்கள். என் சந்தேகம் உறுதியானது. ஆனால் கூடாரத்தடியில் இரண்டு பென்குயின்கள் நின்று சிவப்பு வைன் குடித்துக்கொண்டிருந்தன. உடம்பெல்லாம் ஊதா பலூன் கட்டிய ஒருவன் திராட்சைக் குலையாக ஓடிப்போனான். இவர்களா கல்யாணத்துக்கு வந்த விருந்தினர்?

மேசையடியில் நின்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "லவ்லி காஸ்ட்யூம்!" என்று ஒரு சின்னக் கோப்பை வைனை நீட்டினாள்.

"இது வேஷமில்லை, என் உடுப்பு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சிரித்து, வாழைப்பழமும் தந்தாள்.

அப்போதுதான் கொடிகளுக்கிடையே அவர்கள் வந்தார்கள். சிவப்புப் பட்டும் ஓட்டச் சப்பாத்துமாகப் பிரணவி. அவள் கையைப் பிடித்தபடி ஒரு கட்டையன். தலையில் என் தலைப்பாகை, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய என் பட்டு வேட்டி, தடித்த மீசை.

நான் பாதையின் குறுக்கே போய் நின்றேன். "நில்லும் தம்பி! ஆற்றை பிள்ளை நீர்?"

மாப்பிள்ளை குனிந்து முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார். "இஞ்சருங்கோ... கொஞ்சம் மூச்சு விட விடுங்கோ."

என் மனைவி வசந்தமலரின் குரல். வியர்வையில் மை மீசை வாயோரம் வழிந்திருந்தது.

"நீரோ? உமக்கென்ன பைத்தியமோ?"

"டொக்டர் நடக்கச் சொன்னவர். நடந்தன். பிறகு ஓட்டம் வந்திட்டுது."

"இது வேஷம் போட்டு ஓடுற மரதன் ஓட்டம், அப்பா" என்றாள் பிரணவி. "அம்மா சூப்பரா ஓடுறா, தெரியுமா?"

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னா விட்டிருப்பியளோ?" என்ற வசந்தமலர் என் சால்வையையும் திருநீற்றையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "பிள்ளையை அப்பிடி நினைச்சோ வந்தனீங்கள்?"

பதில் சொல்லுமுன் கைபேசி அடித்தது. குலசிங்கம்.

"அண்ணை, நாளைக்கு எத்தினை மணிக்கு வாறது? அதென்ன சத்தம், கல்யாண வீடோ?"

கோயில் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் இன்றைக்குச் சொன்ன பொய்களே போதும்.

"வைன் தோட்டத்திலை மரதன். மனுசியும் மகளும் ஓடுகினம். மகள் கல்யாணப் பொம்பிளை வேஷம், மனுசி மாப்பிள்ளை வேஷம்."

"வீட்டிலை கேட்டிட்டுச் சொல்லுறன், அண்ணை" என்றார். முன்பு அவர் எதையும் வீட்டில் கேட்டுச் சொன்னதில்லை.

"வருகினமாமோ?" என்றாள் வசந்தமலர்.

"வந்தா வரட்டும்."

பிரணவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தாயின் தலையைத்தான் பார்த்தேன். தலைப்பாகை பின்முன்னாக இருந்தது. முன்னால் நிற்க வேண்டிய குஞ்சம் பிடரியில் ஆடிக்கொண்டிருந்தது. நாலு பேர் பார்க்கும் இடத்தில் என் தலைப்பாகை அப்படிப் போக விடமாட்டேன். வாழைப்பழத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, அதைக் கழற்றி, திருப்பி, இறுக்கி வைத்தேன்.

"இனி ஓடும்" என்றேன்.