பெஞ்சு துடைத்த அங்கி

தம்பியை அடக்கம் பண்ண இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. ஊசியக்கா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, கோத்த நூலையே உருவி மறுபடி கோத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷமாகச் சொன்ன பேச்சைக் கேட்ட ஊசி, இன்று காதைக் காட்ட மறுத்தது.

அவளுக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சபையில் அது யாருக்கும் ஞாபகமில்லை. போதகரின் ஏழு வயது மகள்கூட ஊசியக்கா என்றுதான் கூப்பிடும்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஞானஸ்நானத் தொட்டியில் முங்கி எழும்போது உடம்பில் எந்த வெள்ளை அங்கி இருந்ததோ, அதைக் காயவைத்து, மடித்து, பிரசங்க மேடைக்குப் பின்னாலிருக்கும் அங்கி அறையில் வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு தட்டு, அதற்கொரு சின்னக் கதவு. அதற்கப்புறம் அதை ஒரே ஒரு தடவைதான் வெளியே எடுப்பார்கள். அந்த ஆள் சவப்பெட்டிக்குள் போகிற அன்று.

கழுத்துப் பட்டையின் உள்பக்கம், சிவப்பு நூலில் பெயர் தைத்த ஒரு துண்டு இருக்கும். தன் பெயரைத் தானே தைக்கக்கூடாது. இன்னொரு கைதான் தைக்கவேண்டும். சபை முழுவதற்கும் அந்த இன்னொரு கை ஊசியக்காவுடையது. அறைக்குச் சாவி ஒன்றே ஒன்று. அது அவள் இடுப்பில்.

"அத்தை."

வாசலில் தம்பி மகள் நின்றாள். பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். அழுது முடித்த முகம்.

"அப்பா கேட்ட அங்கி என்னாச்சு?"

"உங்கப்பாவா கேட்டான்?"

"நான் சொன்னா நம்பமாட்டீங்கன்னு தெரியும். போறதுக்கு முந்தின நாள், 'என் அங்கி இன்னும் இருக்கான்னு அக்காகிட்ட கேளு'ன்னார். இருந்தா போட்டுவிடணுமாப்பான்னேன். 'இருக்கான்னு மட்டும் கேளு'ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்."

"திரும்ப விசுவாசம் வந்துச்சுன்னு ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லல. வராத வார்த்தைய அவர் வாயில நான் வைக்கமாட்டேன் அத்தை. நான் வைக்கிறது பல்லு மட்டும்தான்."

ஊசியக்கா சிரிக்கவில்லை. சபைக் கூடத்திலிருந்து குரல்கள் ஏறிக்கொண்டிருந்தன. இருவரும் போனார்கள்.

பெட்டி மூடாமல் நடுவே இருந்தது. அதன் தலைமாட்டில் போதகர், கால்மாட்டில் மூப்பர். மூப்பர் முப்பது வருஷம் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். சைரனோடு போட்டி போட்டு வளர்ந்த குரல். ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

"எழுந்து நின்னு விசுவாசம் வேணாம்னு சொன்னவர் ஐயா அவர்," என்றார் போதகர். "எனக்கென்ன அவர்மேல கோபமா? இன்னைக்கு நான் அங்கி போட்டுவிட்டா, இந்த பெஞ்சுல உக்கார்ற ஒவ்வொருத்தனும் என்ன நினைப்பான்? விழவே முடியாதுன்னா, எதுக்குப் பார்த்து நடக்கணும்? ரட்சிப்ப இழந்துபோக முடியும். எச்சரிக்கை இருக்கறதே அதுக்குத்தான்."

"புகைக்குள்ள போய் ஒரு ஆளத் தோள்ல தூக்கறேன்," என்றார் மூப்பர். "பாதி வழியில அவன் மயங்கறான். இல்ல, பயத்துல என்னைக் கடிக்கிறான். கீழ போட்டுட்டா வருவேன்?"

"அவனே துள்ளிக் குதிச்சுட்டா?"

"இன்னும் கெட்டியாப் பிடிப்பேன். நானே விடமாட்டேன்னா, ஆண்டவர் விடுவாரா?"

போதகர் பெட்டிக்குள் பார்த்தார். மூப்பர் குரலைத் தணித்தார். அதாவது, கூடத்துக்குள் மட்டும் கேட்கிற அளவுக்கு.

"தீர்ப்பு நமக்கெதுக்கு ஐயா? பதினோரு வருஷமா அந்த அங்கிய யாரும் எடுத்து வெளிய போடல. அதுவே ஒரு பதில்தான். தட்டுல இருந்தா போடுவோம்."

போதகர் தலையசைத்தார். "சரி. இருந்தா போடுங்க. இல்லன்னா, நான் சொன்னதுதான்."

எல்லாரும் ஊசியக்காவைப் பார்த்தார்கள்.

"பாக்கறேன்," என்றாள்.  அந்த அங்கி தட்டில் இல்லை என்பது, அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மனைவி இறந்த ஆறாம் மாதம், சாட்சி சொல்லும் நேரத்தில் தம்பி எழுந்தான். "எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. இருக்கற மாதிரி நடிக்க முடியல. மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெளியே நடந்தான். வாசல் கேட்டில் அவனை மறித்தாள் அவள். நரகம், அம்மாவின் கண்ணீர், குடும்ப மானம் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பேசினாலும் அங்கேதான் போய் நிற்பான். "கயிறு அறுந்தா லிஃப்ட் விழும்னு ஊரே நினைக்குதுக்கா. விழாது. பிரேக் பிடிக்கிறது கயித்த இல்ல, பக்கத்துத் தண்டவாளத்த. என் பக்கத்துக் கயிறு அறுந்துபோச்சு. மத்தது எனக்குத் தெரியாது."

அன்று சாயங்காலமே அவள் அங்கி அறையைத் திறந்தாள். அவன் அங்கியை எடுத்தாள். கழுத்திலிருந்து பெயர்த்துண்டை ஒரே வெட்டில் வெட்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் பொத்தான் டப்பாவின் அடியில் திணித்தாள். மிச்சத் துணியைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்தாள்.

அந்தப் பன்னிரண்டு துண்டால்தான் சனிக்கிழமைதோறும் கூடத்து பெஞ்சுகளைத் துடைத்தாள். பாலிஷ் தொட்டுத் தொட்டு, அவன் உட்கார்ந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை. ஒவ்வொன்றாக நைந்து, இழையாகி, குப்பைக்குப் போயின. கடைசித் துண்டு போயும் ஆறு வருஷம் இருக்கும்.

இப்போது ஒரே வழிதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவேண்டும். கையில் வெள்ளைத் துணி இருக்கிறது, சிவப்பு நூல் இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் புது அங்கி ஒன்றைத் தைத்துக் கசக்கிப் பழசாக்கி, இதுதான் என்று சொல்லிவிடலாம். தண்ணீரையே பார்க்காத அங்கி. தம்பி பொய்யை உடுத்திக்கொண்டு போவான். அவன் நடிக்கமாட்டேன் என்று சொன்னானே, அவன்.

துணியையும் பொத்தான் டப்பாவையும் கத்தரிக்கோலையும் அள்ளிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

சொட்.

நின்றாள். ஜன்னல் வழியாகப் பிற்பகல் வெயில் தரை முழுக்கக் கிடந்தது. ஒரு வாரமாக மழை இல்லை. அந்த அறையில் குழாயும் இல்லை.

சொட்.

சத்தம் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. அவள் பதினோரு வருஷமாகக் கண்ணாலும் தொடாத தட்டு. அதன் கீழே தரையில் ஒரு உள்ளங்கை அளவு ஈரம்.

தட்டின் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு அங்கி மடித்து வைக்கப்பட்டிருந்தது. தொட்டால் ஜில்லென்று, இப்போதுதான் தொட்டியிலிருந்து எழுந்து வந்து கழற்றிப் போட்டது போல நனைந்திருந்தது.

விரித்தாள். கைகள் தாமாக விரித்தன. எங்கும் ஒட்டுப் போட்ட தையல் இல்லை, கிழிசல் இல்லை. ஆனால் வெயிலில் தூக்கிப் பிடித்தபோது, துணிக்குள் மங்கலாகக் கோடுகள் தெரிந்தன. எண்ணினாள். பன்னிரண்டு சதுரங்கள். ஆறின காயத்தின் தழும்பு போல. மூக்கருகே கொண்டுபோனாள். பெஞ்சு பாலிஷ் வாசனை.

கழுத்துப் பட்டையைத் திருப்பினாள். சிவப்பு நூலில் தம்பியின் பெயர். அவள் கை தைத்த எழுத்து, அவள் போடும் இரட்டை முடிச்சு.

"நான்தானே வெட்டினேன்," என்று வாய்விட்டுச் சொன்னாள். 

அப்படியானால் டப்பாவில் இருப்பது?

பொத்தான் டப்பாவைத் தலைகீழாகக் கொட்டினாள். பொத்தான்கள் தரையெங்கும் உருண்டோடின. அடியிலிருந்து, சுருண்டு போன ஒரு துண்டு கடைசியாக விழுந்தது. பிரித்தாள்.

அதில் இருந்தது அவள் பெயர்.

யாரும் கூப்பிடாத அந்தப் பெயர். கோணல் மாணலான எழுத்து. முனையில் கம்பியை முறுக்கியது போல ஒரு முரட்டு முடிச்சு. அதைப் போட்ட கை யாருடையது என்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை. அக்காவும் தம்பியும் ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுத்தார்கள். எல்லார் பெயரையும் அவள் தைத்தாள்; அவள் பெயரைத் தைக்க ஆள் இல்லை. பத்தொன்பது வயசுத் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு, விரலெல்லாம் குத்திக்கொண்டு, தைத்துக் கொடுத்தான். இது நிக்குமாடா என்று அவள் இழுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டான். "இழுத்துப் பாக்காதக்கா. பிடிச்சிருக்கும்."

முதல் வரிசைக்குப் போனாள். தன் தட்டைத் திறந்தாள். தன் அங்கி இருந்தது. காய்ந்து, பழுத்து, தொட்டால் சருகு போல. கழுத்துப் பட்டை மொட்டை. வெட்டிய ஓரத்தில் ஒரே ஒரு இழை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்தரிக்கோலின் நடுவில் ஒரு நசுங்கல் உண்டு. எதை வெட்டினாலும் ஒரு இழையை விட்டுவிட்டுத்தான் வெட்டும். வேறு எந்தக் கத்தரிக்கோலும் அப்படி வெட்டாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் யாரை வெட்டினாள் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கதவு தட்டப்பட்டது. "அத்தை, மணி நாலே கால்."

தாழ்ப்பாளைத் திறந்தாள். தம்பி மகள் தரையில் சிதறிய பொத்தான்களைப் பார்த்தாள், ஈர அங்கியைப் பார்த்தாள், அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"இருந்துச்சா?"

"கிழிச்சு பெஞ்சு துடைச்சேன்டி. உங்கப்பா அங்கிய. வாராவாரம்."

"அப்ப இது?"

"அதுதான் இது."

தம்பி மகள் அங்கியை வாங்கித் தடவிப் பார்த்தாள். வெயிலில் கோடுகள் தெரிந்தன. பின்னால் ஒரு எட்டு வைத்தாள். ஆனால் அங்கியைக் கீழே போடவில்லை.

"நல்லா துடைச்சீங்களா?" என்றாள் கடைசியில்.

"அவன் இடத்தை ரெண்டு தடவை."

"அப்பா கேட்டிருந்தா சிரிச்சிருப்பார்."

இருவருமாகப் போட்டுவிட்டார்கள். விறைத்துப்போன கைகள் சட்டைக்குள் நுழையாமல் அடம்பிடிப்பதை ஊசியக்கா எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள். தம்பியின் கைகள் அடம்பிடிக்கவில்லை. அங்கி தானாகவே இழுத்துக்கொண்டது போல வழுக்கி ஏறியது. போதகர் குனிந்து கழுத்துப் பட்டையில் பெயரைப் படித்தார்.

"ஏன்கா ஈரமா இருக்கு? துவைச்சீங்களா?"

"இல்ல ஐயா."

பெட்டியின் அடிப்பலகை இணைப்பிலிருந்து தண்ணீர் கசிந்து கூடத்துத் தரையில் ஓடியது. இறந்தவரின் தலைமுடியும் நனைந்திருந்தது. அதை யாரும் நனைக்கவில்லை. போதகர் தன் ஷூவைத் தொட்ட தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார், நகரவில்லை. மூப்பர் வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையிலேயே மெல்லப் பேசினார். "மூடலாமா?"

அடக்கம் முடிந்து ஆறு மணிக்குத் திரும்பியதும் ஊசியக்கா நேராக அங்கி அறைக்குப் போனாள். தம்பி மகளும் பின்னாலேயே வந்தாள். பொத்தான்கள் கிடந்தபடியே கிடந்தன. அவள் தட்டில் அதே மொட்டை அங்கி.

எல்லாவற்றையும் சொன்னாள். துண்டைக் காட்டினாள்.

"திருப்பித் தைச்சுட்டா போச்சு," என்றாள் மகள்.

"என் கையால தைக்கக்கூடாது. தைச்ச கை அங்க மண்ணுக்குள்ள இருக்கு."

"போதகர்கிட்ட சொல்லுங்க."

"என்ன சொல்ல? வாசல்ல நின்னு அவனுக்கு ரட்சிப்பு போச்சுன்னு சொன்னது நான். இப்ப எனக்கு இருக்கான்னு அவர்கிட்ட போய்க் கேக்கவா?"  "எனக்கே பயமா இருக்குடி. இவ்வளவு நாள் பேர் இல்லாத துணிக்கு நான் பூட்டுப் போட்டிருக்கேன்."

மகள் அந்த முரட்டு முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஊசியக் குடுங்க."

"நீ சபையில இல்லையே."

"இல்ல. நீங்க நம்பற எதையும் நான் இன்னும் நம்பல. ஆனா இந்த முடிச்ச அப்பா எனக்கும் சொல்லிக்குடுத்திருக்கார். இன்னொரு கைதானே வேணும்?"

ஊசியக்கா நூல் கோத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை ஊசி காதைக் காட்டியது. மகள் பல் வரிசை பொருத்துகிற கவனத்தோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தாள். கடைசியில் கம்பியை முறுக்குவது போல நூலை முறுக்கி இறுக்கினாள்.

அங்கி காய்ந்தேதான் இருந்தது. மடித்து, தட்டில் வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"நிக்குமா?" என்றாள் ஊசியக்கா. விரல்கள் துண்டின் ஓரத்தைத் தேடிப் போயின. ஒரே ஒரு இழுப்பு. தெரிந்துவிடும்.

பாதி வழியில் கை நின்றது. மெல்ல அதைக் கீழே இறக்கி மடியில் வைத்து, இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தட்டுக்குக் கீழே குனிந்து பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மகள் சட்டென்று பிடரியைத் தடவினாள். விரல்களைப் பார்த்தாள்.

"அத்தை, கூரை ஒழுகுதா?"

"இல்ல," என்றாள் ஊசியக்கா. எழுந்து வாளியை எடுத்து வந்து, தன் தட்டுக்கு நேர் கீழே வைத்தாள்.