ஐந்து படியும் இரண்டு ஸ்பிரிங்கும்

"அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழ வைங்கன்னு சொல்றேன்ல. இல்லன்னா இப்பவே எங்கண்ணனுக்கு ஃபோன் போடுவேன்."

"போடு. உங்கண்ணன் என்ன ஸ்பிரிங் டாக்டரா?"

"நீங்க மட்டும் ஸ்பிரிங் டாக்டரா? பல்லு டாக்டர்தானே, பல்லப் பாருங்க."

இவ்வளவும் எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகவே தெளிவாகக் கேட்டது. இருந்தாலும் ஒரு சண்டையைப் பாதி கேட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது பாவம் என்பதால், ஒரு கிண்ணத்தில் புளியோதரையை எடுத்துக்கொண்டு பக்கத்து வில்லாவுக்குப் போனேன். ஓமானின் சலாலாவில் எங்கள் காம்பவுண்டில் மொத்தம் ஆறு வில்லா. யார் வீட்டில் என்ன சமையல் என்பது எனக்கு மணத்திலேயே தெரிந்துவிடும். சண்டைக்கு மட்டும்தான் நேரில் போக வேண்டியிருக்கிறது.

காலை ஏழரைக்கு வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. 'என்னன்னு பாத்துட்டு வர்றேன்' என்று போன என் வீட்டுக்காரர் ஒன்பது மணியாகியும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால், டாக்டர் விஜயபாஸ்கரின் கராஜில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஏணி உச்சியில் லுங்கியை மடித்துக் கட்டிய டாக்டர். கீழே அவர் மனைவி உமாராணி, இடுப்பில் கை. நடுவில் வெளியே போக வழியில்லாமல் கார்.

கராஜ் கதவு இறங்கியது இறங்கியபடியே நின்றுவிட்டது. கதவுக்கு மேலே ஒரு இரும்புத் தண்டு, அதில் இரண்டு தடித்த ஸ்பிரிங்குகள். கதவின் பாரத்தைத் தூக்குவது அவைதான். மோட்டார் சும்மா பேருக்கு இழுக்கும். அந்த இரண்டில் ஒன்று நடுவில் முறிந்து கிடந்தது. கரீஃப் என்கிற மூன்று மாத மழைக்காலத்தில் சலாலாவில் துருப்பிடிக்காத இரும்பு ஏது?

"கதவு போட்ட கம்பெனியில கேட்டாச்சுக்கா" என்றார் டாக்டர் மேலிருந்தே. "கதவையே மாத்தணுமாம். நானூறு ரியால். சாமான் மஸ்கட்லேருந்து வர ரெண்டு வாரம். வீடியோவுல ஒருத்தன் பத்து நிமிஷத்துல முடிக்கிறான்."

"அவன் வேலையே அதுதாங்க" என்றாள் உமாராணி. "அவன் ரூட் கெனால் ட்ரீட்மென்ட் வீடியோ பாத்துட்டு எனக்குப் பல்லு புடுங்க வந்தா நான் வாயத் தொறப்பேனா?"

நியாயமான கேள்விதான். ஆனால் நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை ஏணியில் ஏறிவிட்ட பிறகு எந்த நியாயமும் அவர் காதுக்கு எட்டாது. என் வீட்டுக்காரர் வேறு, "நீ உள்ள போ, இது ஆம்பளைங்க வேலை" என்றார். எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது நான் என்பதை அங்கே சொல்லி அவர் மானத்தை வாங்கவில்லை. ஃபோனை எடுத்தேன்.

என்னை வம்புக்காரி என்று இந்தக் காம்பவுண்டில் பேசுவது எனக்குத் தெரியும். பேசட்டும். இரண்டு மாதம் முன்பு சூப்பர்மார்க்கெட் வாசலில் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டபோது, சரிசெய்ய வந்த பையனிடம் நான் ஊர் கேட்டேன். தேவகோட்டைப் பக்கம் என்றான். வயது கேட்டேன், முப்பத்திரண்டு. ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கன்னம் ஏன் வீங்கியிருக்கிறது, லேபர் கேம்ப்பில் யார் சமைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டேன். தங்கைகள் இரண்டு பேர், கடைவாய்ப் பல் வலி, மாற்றி மாற்றிச் சமையல் என்று பதில் சொன்னவன், கடைசியில் கேள்வியிலிருந்து தப்பிக்கவே நம்பரைக் கொடுத்தான் என்று நினைக்கிறேன். பெயர் உடையப்பன். ஷட்டரும் கராஜ் கதவும்தான் தினமும் அவன் ட்யூட்டி.

விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, அவரு எந்த ஸ்பிரிங்குல கை வச்சிருக்காரு?" வாயில் கிராம்பு ஒதுக்கியிருந்தான் போல, பேச்சு ஒரு பக்கமாக வந்தது.

"ஒடஞ்சதுலதான் ஒண்ணுமில்லையே. நல்லதைக் கழட்டப் போறாரு."

"அதத் தொடச் சொல்லாதீங்க. ஒடஞ்சது செத்த பாம்பு. ஒடையாதது உசுரோட முறுக்கிக்கிட்டுக் கெடக்கு."

"தம்பி, எனக்கு மெக்கானிசம் தெரியும்" என்றார் டாக்டர்.

"சார் என்ன வேலை பாக்குறீங்க?"

"டென்டிஸ்ட்."

"எந்தக் கையால சார் பல்லு புடுங்குவீங்க?"

டாக்டர் ஸ்க்ரூடிரைவர் பிடித்திருந்த வலது கையைப் பார்த்தார்.

"அந்த ஸ்க்ரூவ நீங்க லூஸ் பண்ணுன அடுத்த நிமிசம் அந்தக் கைக்குத்தான் அடி விழும். ஸ்க்ரூடிரைவர் பிச்சிக்கிட்டுப் பறக்கும். கீழ யாராச்சும் ஏணி புடிச்சிருக்காங்களா?"

"ஆமா, எங்க வீட்டுக்காரர்."

"அவரு மொகத்துலதான்க்கா வந்து குத்தும்."

என் வீட்டுக்காரர் ஏணியை விட்டுவிட்டு, நிதானமாக, கார் முன்பக்கத்துக்குப் போய் நின்றுகொண்டார். மேலே ஒருவர் இருப்பதையே மறந்துவிட்டார் பாவம். ஆடிய ஏணியை உமாராணிதான் ஓடிவந்து பிடித்தாள். டாக்டர் ஒவ்வொரு படியாக இறங்கினார். சண்டையும் அத்துடன் இறங்கியது.

தன் கம்பெனியில் சொல்லிவிட்டு, பிக்கப்பில் சாமானோடு உடையப்பன் பதினொரு மணிக்கு வந்தான். அதே நேரத்தில் டாக்டரின் கிளினிக் நர்ஸ் நாகவள்ளியும் டாக்ஸியில் வந்து இறங்கினாள். இரண்டு பேஷன்ட் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார்களாம், டாக்டர் ஃபோனை எடுக்கவில்லையாம். காரை விட்டுவிட்டு டாக்ஸியில் போயிருக்கலாமே என்று அவள் கேட்ட பிறகுதான் எங்கள் இரண்டு வீட்டுப் படிப்புக்கும் அது தோன்றியது.

உடையப்பன் கராஜுக்குள் வந்து கதவின் உட்புறத்தைப் பார்த்தான்.

"என்னக்கா இது?"

"கொலுப்படி" என்றாள் உமாராணி, குரல் இறங்கி.

கதவில் ஐந்து மடிப்பு. கொலுவுக்கு ஐந்து படி. கிளினிக்குக்கு நாற்காலி வந்த மரப்பெட்டியை அறுத்துச் செய்த கனமான பலகைகள். வருடத்தில் பத்து நாள் தவிர அவற்றை எங்கே வைப்பது? மடிப்புக்கு ஒன்றாகக் கதவின் உள்பக்கத்தில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டார் டாக்டர். நவராத்திரி வந்தால் கழற்றுவது, முடிந்தால் மாட்டுவது. நான்கு வருடமாக நடக்கிறது. சுண்டல் வாங்கப் போன ஒவ்வொரு வருடமும் 'என்ன மூளை பாருங்க டாக்டருக்கு' என்று புகழ்ந்த பாவம் என்னையும் சேரும்.

உடையப்பன் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. மோட்டார் ப்ளக்கைப் பிடுங்கினான். கதவு நகராமல் இருபக்கத் தண்டவாளத்திலும் இரும்புக் கிளாம்ப் போட்டான். எங்கள் எல்லோரையும் வீட்டுப் பக்கச் சுவர் ஓரம் நிற்கச் சொன்னான். வெளிச்சம் போதவில்லை என்று நாகவள்ளி ஃபோன் டார்ச்சை அடித்தாள். டாக்டர் வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கி, ஸ்பிரிங் முனையில் இருந்த ஓட்டையில் விட்டு ஆட்டிக் காட்டினான். ஆடுகிற பல் மாதிரி லொடலொட என்று ஆடியது. பிறகு அதே ஓட்டையில் தன் இரும்புக் கம்பியை விட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இந்தக் கம்பி ரெண்டு வேணும் சார். ஒண்ணு புடிச்சிக்கிட்டு இருக்கையில இன்னொண்ணு மாத்தணும். நேரா நிக்கக் கூடாது, ஓரமா நிக்கணும். கால் சுத்து, கால் சுத்தாத்தான் எறக்கணும்."

முதல் கால் சுற்றில் அவன் முன்னங்கை நரம்பெல்லாம் புடைத்ததைப் பார்த்தபோதுதான், டாக்டர் எதைக் கழற்ற இருந்தார் என்று எனக்குப் புரிந்தது. ஏழரைச் சுற்று. ஒவ்வொன்றையும் நான் எண்ணினேன்.

பழைய ஸ்பிரிங்குகள் இறங்கியதும், "ஊருக்குப் போறப்போ பெட்டி வெயிட் பாக்க ஏறி நிக்கிற மிஷின் இருக்குமே, எடுத்தாங்க" என்றான். அது இல்லாத தமிழ் வீடு வளைகுடாவில் உண்டா? கிளாம்பைக் கழற்றி, எல்லோருமாகக் கதவைத் தூக்கி மிஷினை அடியில் தள்ளினோம். நூற்று மூன்று கிலோ. படிகளைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தான். அறுபத்தைந்து.

"ஸ்பிரிங் அறுபத்தஞ்சுக்குப் போட்டது. நாலு வருசம் தாங்கியிருக்கு, நல்ல ஸ்பிரிங்" என்றான். டாக்டரையும் உமாராணியையும் ஒரே வார்த்தையில் மன்னித்த மாதிரி இருந்தது. "புதுக் கதவெல்லாம் வேணாம். ஆனா ரெண்டையும் மாத்தணும். ஒண்ணு போனா இன்னொண்ணுக்கும் அதே வயசுதான்."

டாக்டர் வாயைத் திறந்தார். 'ஒன்றுதானே உடைந்தது' என்று கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். உமாராணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கம்பெனி பில்லோடு ஐம்பத்தைந்து ரியாலில் முடிந்தது.

புது ஸ்பிரிங் கம்பியின் தடிமனையும் நீளத்தையும் பழையதோடு அளந்து ஒத்துப்பார்த்து மாட்டி, அதே கால் கால் சுற்றாக முறுக்கினான். கதவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கையை எடுத்தான். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அந்தரத்தில் நின்றது. "இப்படி நின்னா சரியா இருக்குன்னு அர்த்தம். கரீஃப் முடிஞ்சதும் வருசா வருசம் எண்ணெ போடுங்க. ஸ்ப்ரே எண்ணெ, தேங்காண்ணெ இல்ல" என்றான். டாக்டர் இரண்டு விரலால் கதவை மேலே தள்ளிப் பார்த்தார். மேலே ஏறியது. வலது கையின் இரண்டு விரல். அந்தக் கையை அப்புறம் கொஞ்ச நேரம் இடது கையால் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஐயா" என்றார். வாடகை வாங்க வருகிற அரபியைத் தவிர யாரையும் அவர் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "வாயைத் தொறங்க."

கடைவாய்ப் பல்லில் சொத்தை வேர்வரை போயிருந்தது. "எத்தனை நாளா கிராம்பு?"

"ஆறு மாசம் சார். லீவுல ஊருக்குப் போயி பாக்கலாம்னு."

"ஊருக்கு ஏன்? வண்டிய எடுத்துட்டு எம்பின்னாடியே கிளினிக்குக்கு வாங்க."

திறந்த கதவு வழியாகக் கார் வெளியே வந்தது. முன்னால், லுங்கியிலிருந்து பேண்டுக்கு மாறிய டாக்டரும் பின்னால் நாகவள்ளியும். உடையப்பன் பிக்கப்பில் பின்தொடர்ந்தான். அந்தப் பல்லுக்கு நான்கு தடவை போக வேண்டியிருந்தது. நான்காவது தடவைக்குப் பிறகும் அவன் போனான் என்று நாகவள்ளியே என்னிடம் சொன்னாள். நான் கேட்காமல் எனக்கு ஒரு தகவல் வந்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரர் கண்ணாடி முன் நின்று மீசைக்கு மை தடவும்போதெல்லாம் எனக்கு உடையப்பன் ஞாபகம் வருகிறது. பெரிய முகமொன்றும் இல்லை. ஆனால் இருபத்தாறு வருடம் பார்த்துப் பழகிவிட்டேன். அது இருக்கிற இடத்தில் இருக்கிறதே என்று அவனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பார்ப்பேன்.

அடுத்த ஆவணியில் தேவகோட்டையில் உடையப்பனுக்கும் நாகவள்ளிக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு தங்கைகளுக்கும் முடித்துவிட்டுத்தான் அவன் முடித்தான். அவளுக்கு சோஹாரில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து இருவரும் அங்கே போய்விட்டார்கள். டாக்டர் குடும்பம் சென்ற சித்திரையில் மஸ்கட்டுக்கு மாறியது. புது வீட்டில் கராஜ் இல்லையாம், உமாராணி அதை ஒரு வரம் மாதிரி சொன்னாள். போகும்போது ஐந்து படிகளையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. கதவில் மாட்டலாமே என்று என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை சொன்னார்.