திருப்பிக் கொடுக்க முடியாத கேள்வி

1

பிள்ளைகளே, இந்தக் கதை சாவகச்சேரிச் சந்தையில் பிறந்தது. கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த எனக்குப் பின்னால் ஓர் ஆண்குரல், "எனக்குப் பிணை நிக்கிறியளோ?" என்று கேட்டது. மறுமொழி இல்லை. திரும்பினேன், கேட்டவரும் கேட்கப்பட்டவரும் சனத்துக்குள் போய்விட்டார்கள். அந்த மறுமொழியைத் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: "1994 ஆடி மாதம், மழை சோவென்று..." (ஆடியில் இங்கே ஏது மழை? வெட்டு.)

2

பாலேஸ்வரி தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் பொறியியல் வரைதல் படிப்பிக்கிறவள். தற்காலிகம், வருடாவருடம் நியமனத்தைப் புதுப்பித்தால்தான் வேலை. இயந்திரவியல் படிப்பிக்கும் கனிசியஸ் மாஸ்டருக்கும் அதே விதி. மின்சாரமில்லாத ஊரில் இரும்பு கடையும் லேத் மிஷினைக் கரும்பலகையில் கீறித்தான் ஓட்டிக் காட்டுவார்.

தற்காலிக ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் வழிகாட்டப் பழகவேண்டும் என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். நடத்தியவர் ஓய்வுபெற்ற இராசநாயகம் சேர். அவருக்கு ஒரே சட்டம்: மறுமொழி சொல்லாதே, கேள்வியைத் திருப்பிக் கொடு. கனிசியஸுக்குச் சோடியாகப் பாலேஸ்வரியை இருத்தினார்.

"என்ரை வகுப்பிலை பெடியள் நித்திரை, ரீச்சர்."

"எப்ப நித்திரை கொள்ளுறாங்கள்?"

"நான் கதைக்கேக்கை."

"நீங்கள் கதைக்காட்டில்?"

கனிசியஸ் யோசித்தார். "எழும்பி வந்து, ஓடாமல் கிடக்கிற லேத்தைத் தடவிப் பாக்கிறாங்கள்." எல்லோரும் சிரித்தார்கள். சட்டம் வேலை செய்தது.

3

அடுத்த முறை கனிசியஸ் குரலைத் தாழ்த்தினார். "கொழும்பிலை நிரந்தர வேலைக்கு நேர்முகம். இங்கையிருந்து வெளிக்கிடப் பாஸ் எடுக்கவேணும். எனக்குப் பிணை நிக்கிறியளோ?"

யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளிக்கிடுகிறவர் திரும்பி வருவார் என்று இன்னொருவர் பொறுப்பு நிற்கவேண்டிய காலம். போனவர் வராவிட்டால் நின்றவருக்குப் பாஸ் இல்லை. பாலேஸ்வரியோ, தாயைக் கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்குக் கூட்டிப்போக இருந்தாள்.

[தாயைப் பிறகுதான் சேர்த்தேன். பாலேஸ்வரி மறுத்தால் நீங்கள் அவளைக் கோபிக்கக்கூடாது என்று.]

"வேலை கிடைச்சால் திரும்பி வருவியளோ, மாஸ்டர்?"

அவர் விரலில் ஒட்டியிருந்த சோக்குத் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற சேர் இதையும் பயிற்சி என்றே நினைத்தார்.

"திறமான கேள்வி, பிள்ளை!"

பாலேஸ்வரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

4

அவள் கையொப்பம் வைத்தாள் என்று ஒருதரம் எழுதினேன். கனிசியஸ் திரும்பி வரவில்லை; பாலேஸ்வரியின் தாய் வாசலில் கைகளால் நிலையைத் தடவி... அந்த வரியை முடிக்க என்னால் இயலவில்லை.

மறுத்தாள் என்றும் எழுதினேன். அவர் மறுநாளும் லேத்தைக் கீறினார். கோடு நேராகவே வந்தது. அதை என்னால் பார்த்திருக்க முடியவில்லை.

ஆகவே இப்போதும் அந்த வகுப்பறையில்தான் இருவரும் இருக்கிறார்கள்.

"ரீச்சர், உந்தக் கேள்வியை மட்டும் எனக்குத் திருப்பித் தராதேங்கோ. ஓம் எண்டோ இல்லையெண்டோ சொல்லுங்கோ."

பாலேஸ்வரி வாயைத் திறக்கிறாள்.

கேள்வியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழும்பிப் போகிற சுகம் எனக்கு உண்டு, அவளுக்கு இல்லை. பிள்ளைகளே, மறுமொழியை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் பாலேஸ்வரியின் பெயரில் சொல்லவேண்டாம். உங்கள் சொந்தப் பெயரில் சொல்லுங்கள். பிணை அப்படித்தான் நிற்கவேண்டும்.