தலைகீழ்ச் சிங்கம்

"அந்தக் காச முசியேகிட்ட திருப்பிக் குடுத்துடும்மா" என்று நாணயச் சங்கச் செயலாளர் புருஷோத்தமன் சொன்னபோது, ஹேமலதா எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். சங்கத்தில் பதினேழு ஆண்களும் அவளும். மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஃபிளாஸ்க் எப்படியோ அவள் கைக்குத்தான் வந்து சேரும். இன்று பாதி ஊற்றிய கப்பை அப்படியே விட்டுவிட்டு ஃபிளாஸ்கை மூடினாள்.

மூன்று மாதத்துக்கு முன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற, சங்கத்தில் எல்லோரும் முசியே என்று கூப்பிடுகிற ரேமோனிடம் அவள் ஆறாயிரம் கொடுத்து வாங்கிய நூறு ரூபாய் நாணயம் அது. புழக்கத்துக்கு விடாமல், சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடிபோல் மெருகேற்றி, வட்டமான பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து விற்கிற ப்ரூஃப் நாணயம். நாணயச்சாலையில் ஒவ்வொன்றையும் ஆள் வைத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அதையும் ஏமாற்றிவிட்டு ஒரு பிழை தப்பி வந்தால் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். வாங்கும் முன் அவருடைய தவளக்குப்பத்து வீட்டு வாசலில், வெயிலில் பிடித்து அவள் ஏடு புரட்டுவதுபோலத் திருப்பியபோது, இந்தப் பக்கம் கப்பல் நேராக இருந்தது. அந்தப் பக்கம் சிங்கம் தலைகீழாக நின்றது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் ஊரார் கண்ணுக்குப் பவர் பார்க்கிறவள், தன் கண்ணை நம்பாமல் நான்கு முறை பார்த்தாள். போட்டோவைப் பார்த்த சென்னை வியாபாரி ஒன்றரை லட்சம் என்றார். மாட்டேன் என்றுவிட்டாள். பத்து வருஷமாகப் பைத்தியக்காரி என்று பேர் வாங்கி நாணயம் சேர்த்தவள், முதல்முதலாகத் தானே கண்டுபிடித்த பிழை. அதை விற்க மனசு வரவில்லை. வியாபாரி வாயில் விஷயம் தங்கவில்லை, சங்கத்துக்கு வந்துவிட்டது.

"எங்க, காட்டு பாக்கலாம்" என்றார் ரேமோன். கூட்டோடு கொடுத்தாள். அவர் தோசையைத் திருப்புவதுபோல மேலிருந்து கீழாகப் புரட்டினார். "நேராத்தான இருக்கு?"

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பிரெஞ்சுக் காசான பிராங்கு அப்படித்தான் அடிக்கப்பட்டிருக்கும். தோசைபோலப் புரட்டினால்தான் இரு பக்கமும் நேராக வரும். சின்ன வயசிலிருந்து பிராங்கைப் புரட்டிய கை அது. நம் காசு தலைகீழாகத் தெரிவது அவருக்குப் பழகிப்போன விஷயம். ஒரே ஒரு காசு நேராகத் தெரிந்தால் அதில் குற்றம் இருக்கிறதென்று எப்படித் தோன்றும்?

"பக்கவாட்டுல திருப்புங்க முசியே."

திருப்பினார். "மோன் தியே, கடவுளே" என்றார் மெதுவாக.

"பெரியவரு, தெரியாம வித்துட்டாரு" என்றார் புருஷோத்தமன். "ஆறாயிரத்துக்கு மேல ரெண்டாயிரம் போட்டுத் தரச் சொல்றேன், வாங்கிக்க. கண்ணாடிக் கடையில வேல செய்யற பொண்ணு, உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

ஹேமலதாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "போன வருஷம் நீங்க எனக்குப் போலிக் காசு வித்தீங்களே சார், திருப்பிக் கொண்டாந்தப்ப என்னா சொன்னீங்க? கண்ணத் தொறந்து பாத்து வாங்கணும், வித்தது வித்ததுதான்னு. இதே டேபிள்ல, இவங்க எல்லாரும் கேட்டுக்கினுதான் இருந்தாங்க. அன்னிக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கல. இப்ப நான் கண்ணத் தொறந்து பாத்து வாங்கியிருக்கேன்."

யாரோ இருமினார்கள். புருஷோத்தமன் முகம் கறுத்தது. "அப்ப நம்ம சங்கம் நடத்தற கண்காட்சியில உனக்கு டேபிள் கெடையாது."

"வேணாம். ரோட்ல ஸ்டூல் போட்டு வைப்பேன். டீயையும் நீங்களே ஊத்திக்குங்க."

அவர் ரேமோன் பக்கம் திரும்பினார். "காசு உங்க கையிலதான சார் இருக்கு? அப்டியே பாக்கெட்ல போடுங்க. யாரு கேக்கறது?"

"நான் கேக்கறேன்" என்றாள் ஹேமலதா.

கையை மேசைக்கு மேலாக நீட்டினாள். ரேமோன் அவளைப் பார்க்கவில்லை. வீட்டில் ஆயிரத்துச் சொச்சம் காசு வைத்திருக்கிற மனிதர், இத்தனை வருஷத்தில் இன்னும் என்னென்ன தன் கண்ணுக்குத் தப்பியதோ என்று எண்ணுகிறவர்போலக் கூட்டைப் பக்கவாட்டில் திருப்பினார். மறுபடி திருப்பினார். கப்பல், சிங்கம், கப்பல். மற்ற பதினாறு பேரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோள் வலிக்க ஆரம்பித்தும் ஹேமலதா நீட்டிய கையை இறக்கவில்லை.