எலி குத்தாத அரிசி

மலை பார்க்காத ஊர்க்காரர்களுக்கு ஆள் உயர மேடே மலைதான். பேராவூரணிக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் கிடந்த சாம்பத்திடலும் அப்படியொரு மலை. நான்குவழிச் சாலைக்கு மண் அள்ள லாரிகள் வந்து நின்றுவிட்டன. திடலின் வயதை ஆதாரத்தோடு காட்டினால்தான் விட்டுவைப்பார்கள். அகழாய்வுப் பொறுப்பாளர் ஃபஹ்மிதாவுக்கு அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை.

நாலடி ஆழத்தில், கறுப்பு சிவப்புப் பானை ஒன்றின் உடைசலுக்குள் கருகிய அரிசி ஒரு கைப்பிடி கிடைத்தது. அவள் குழிக்குள்ளேயே துள்ளினாள். ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதன் வயது தெரிந்துவிடும்.

பார்வையிட வந்த நிபுணர் பஞ்சநதம் அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டார். பானைக்குப் பக்கத்தில் மண் பொலபொலவென்று இருந்ததைத் தொட்டுக் காட்டினார்.

"எலி வளைம்மா. அம்பது வருஷத்துக்கு முந்தி எலி கொண்டுபோன நெல்லா இருக்கும். எலி பிடிக்க எவனோ புகை மூட்டினதுல கருகியிருக்கும். இத அனுப்புனா நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க."

வளை வளைதான். அதை மறைத்து ஒரு வயதை வாங்க ஃபஹ்மிதாவின் மனசு ஒப்பவில்லை.

குழிக்குள் மண் அள்ளிக்கொண்டிருந்த சுந்தரி நிமிர்ந்தாள். அறுப்பு முடிந்தால் வரப்பில் எலி வளை வெட்டி நெல் எடுக்கிறவள் அவள்.

"சார், எலி கதிரத்தான் கடிச்சு இழுத்துட்டுப் போவும். வளைய வெட்டுனா நெல்லுதான் கிடைக்கும், காம்போட. எத்தனையோ வளை வெட்டிட்டேன். உமி போகக் குத்துன அரிசிய எந்த எலியும் சேத்து வச்சு நான் பாத்ததில்ல."

ஃபஹ்மிதா லென்ஸை எடுத்தாள். பத்து அரிசி பார்த்தாள், நாற்பது பார்த்தாள். ஒன்றில்கூட உமி ஒட்டியிருக்கவில்லை. பாதிக்கு மேல் மூக்கு உடைந்திருந்தது, உலக்கை பட்ட அரிசி மாதிரி. லென்ஸை வாங்கிய பஞ்சநதம் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அனுப்புங்கம்மா," என்றார், சுந்தரியைப் பார்க்காமலே.

ஐம்பதாம் நாள், பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த தாளோடு ஃபஹ்மிதா ஆட்டோவில் வந்து குதித்தாள். "சுந்தரி அக்கா, ரெண்டாயிரத்து எண்ணூறு வருஷம். லாரிய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். சுந்தரியும் தட்டினாள். பிறகு பானை கிடந்த இடத்தையே பார்த்தாள்.

"குத்திப் புடைச்சு, உலையில போடுறதுக்குள்ள தீ வந்திருக்கு," என்றாள். "அன்னிக்கு ராத்திரி அவ பிள்ளைங்களுக்கு என்னத்தக் குடுத்தாளோ."