பூஜ்ஜியத்தை அவரே தட்டினார்

சுற்றுப்பாதைக் கணக்கு முழுவதையும் எழுதியது நான். பதினான்கு மாதம்! விண்வெளிக்குப் போகிறவர்கள் தரையிலேயே உட்கார்ந்து ஓட்டிப் பழகும் போலிக் கப்பலுக்கான கணக்கு அது. எஞ்சினை எத்தனை நொடி எரித்தால் எந்தப் பாதைக்குப் போகும் என்று நொடிக்கு ஐம்பது தடவை கணக்குப் போட வேண்டும். போட வைத்தேன். எங்கள் பிரிவில் ஒவ்வொரு கணினி நிரல் கோப்பின் முதல் வரியிலும் எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கும். ஒரு திங்கட்கிழமை திறந்து பார்த்தால் அறுபத்திரண்டு கோப்பிலும் என் பெயரைக் காணோம். பிரிவுத் தலைவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தார்.

கேட்டேன். "டீம்னா எல்லாம் ஒண்ணுதானேம்மா, பேருக்கா வேலை பாக்கறோம்?" என்றார். பேருக்கு இல்லையென்றால் அவர் பேரை எதற்குப் போட்டாராம்?

"அந்த ஆளை விடேன்," என்றார் கணவர் சாப்பாட்டு மேஜையில். "நீ மெல்லற மெல்லுல அவர் எலும்பெல்லாம் நொறுங்குது."

"நொறுங்கட்டும்."

என் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. பாதையில் பூமிக்கு மிக அருகே வரும் புள்ளியிலிருந்துதான் கப்பலின் இடத்தை அளப்பேன். முழு வட்டத்தில் அப்படியொரு புள்ளியே கிடையாது. எல்லாம் ஒரே தூரம். கணக்கு பூஜ்ஜியத்தால் வகுக்கும், கப்பல் காணாமல் போகும். எஞ்சினை எரித்து எவரும் அச்சு அசல் வட்டத்துக்கு வர முடியாது, துளி நெளிசலாவது மிஞ்சும். நெளிசல் அளவுக்கு யாராவது கையால் பூஜ்ஜியம் என்று தட்டினால்தான் விபரீதம். அதைச் சரிசெய்ய நாலு வரி எழுதி ஐந்து வாரமாகிவிட்டது. சேர்க்கவில்லை. தலைவருக்கு எந்த எண்ணும் மொழுமொழுவென்று இருக்க வேண்டும். அந்தக் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா?

செயல்விளக்க நாளில் இயக்குநர் வந்தார். பயிற்சி விமானி போலிக் கப்பலுக்குள் ஏறி உட்கார்ந்தாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தலைவர் அள்ளி ஊற்றினார். "நான் இதை எழுதினப்போ" என்று மட்டும் பதினோரு தடவை. எண்ணினேன்.

"இப்ப உங்களைக் கச்சிதமான வட்டத்துல நிறுத்தறேன்," என்று பூஜ்ஜியத்தைத் தட்டினார்.

திரை இருண்டது. உயரம், வேகம், எல்லாக் கட்டத்திலும் எண்ணுக்குப் பதில் "எண் அல்ல".

"பூமி எங்க போச்சு?" என்று உள்ளேயிருந்து விமானியின் குரல் கேட்டது.

"நீங்க எழுதினதுதானே, சரி பண்ணுங்க," என்றார் இயக்குநர்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார் தலைவர். ஒரு கோப்பைத் திறந்தார், மூடினார், இன்னொன்றைத் திறந்தார். கடைசியில் விரல் என் பக்கம் நீண்டது.

"இவங்க எழுதினது சார்! முழுக்க இவங்க எழுதினது!"

அப்பாடா! அந்த வாயாலேயே, அத்தனை பேர் முன்னால்!

"அறிக்கைல எல்லாம் நீங்கன்னுதானே இருக்கு?" என்று இயக்குநர் கேட்டார். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் குதிக்கத் தோன்றியது. போய் உட்கார்ந்து, தனியே வைத்திருந்த என் கோப்பைத் திறந்து நாலு வரியையும் சேர்த்தேன். பூமி வந்தது.

விமானி இறங்கி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தாள். கழுத்தெல்லாம் வேர்வை.

"இதுல தேதி ஐஞ்சு வாரம் முன்னாடி போட்டிருக்கு."

"ஆமா."

"அதுக்கப்புறம் நான் பதினேழு தடவை இதுல உக்காந்திருக்கேன்."

"நீங்க ஓட்டறப்போ அது வராது. கையால தட்டினாத்தான்..."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியுமா?"

தலைவர் மேல் பழியைப் போடலாம் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் இயக்குநரிடம் திரும்பினாள். "அவர் திருடினாரு, அது உங்க பாடு. இவங்க தெரிஞ்சே என்னை உள்ள உக்கார வச்சாங்க. இவங்க கை வச்ச எதுலயும் நான் இனிமே ஏற மாட்டேன்," என்றாள்.